காலிப்பணியிடம் எத்தனைன்னு கேட்கிறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி

(தகவல் தொழில்நுட்ப அணியின் மாவட்டப் பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம். நீளமான பதிவுதான். முழுசாப் படிச்சுட்டுப் பகிருங்க.)



 "சுகாதாரத் துறை பத்தி அரை மணி நேரம் பேசு"ன்னு அமைப்பாளர் அண்ணன் சொன்னப்போ, "அண்ணே, நான் மெக்கானிக்கல் படிச்சவன், டாக்டர் யாரையாவது கூப்பிடலாமே"ன்னு கேட்டேன். "டாக்டர் வந்தா வைத்தியத்தைப் பத்திப் பேசுவார். நீ கணக்கைப் பத்திப் பேசு"ன்னார். அதனால இன்னைக்கு நான் பேசப் போறது ஆள் கணக்கு. ஒரு ஆஸ்பத்திரிக்கு எத்தனை செவிலியர் வேணும், அந்த எண்ணிக்கையை யார் முடிவு பண்றாங்க, எப்படி முடிவு பண்றாங்க. அவ்வளவுதான் தலைப்பு.

முதல்ல நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லிடுறேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, அணியில சேர்ந்த புதுசு. ஒரு அரசு மருத்துவமனையில ஒரு நர்ஸ், நோயாளியோட சொந்தக்காரங்களைப் பார்த்துக் கத்துற வீடியோ எனக்கு வாட்ஸ்அப்ல வந்துச்சு. 40 செகண்ட் வீடியோ. நான்தான் அதை வெட்டி, சிவப்பு எழுத்துல தலைப்பு வெச்சு, பின்னணி இசை போட்டு ஏத்தினேன். ரெண்டு நாள்ல லட்சத்தைத் தாண்டிடுச்சு. எனக்குப் பெரிய சந்தோஷம். மூணாவது நாள் ஒரு அக்கா உள்பெட்டியில வந்தாங்க. "தம்பி, அந்த ராத்திரி ரெண்டு வார்டுக்கும் சேர்த்து அவங்க ஒருத்தர்தான் டூட்டி. அதையும் வீடியோவுல போட்டிருக்கலாமே"ன்னு ஒரே வரி. நான் பதில் போடல. வீடியோவையும் எடுக்கல.

அதுக்கு அடுத்த வருஷம் எங்க அப்பாவுக்கு ஆபரேஷன். அரசு மருத்துவமனைதான். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, டாக்டர்கள் மேல எந்தக் குறையும் கிடையாது. வார்டுல ஆறு ராத்திரி நான் கூட இருந்தேன். முதல் ராத்திரியே சிஸ்டர் வந்து சொன்னாங்க: "தம்பி, குளுக்கோஸ் பாட்டில் தீரப் போகுதுன்னா நீயே வந்து சொல்லிடு. நான் அந்தக் கடைசியில இருப்பேன்." அந்த வார்டுல எண்ணிப் பார்த்தேன். கட்டில்ல 38 பேர், கீழ பாய்ல 5 பேர். ராத்திரி எட்டு மணில இருந்து காலைல வரைக்கும் ஒரே சிஸ்டர்.

அந்த ஆறு ராத்திரியும் நான் பாட்டில் பார்த்தேன், அப்பாவைத் திருப்பிப் படுக்க வெச்சேன், சிறுநீர்ப் பையில எவ்வளவுன்னு சீட்டுல குறிச்சேன். பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்குக் கூட யாரும் இல்லாததால அவருக்கும் சேர்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் ஒரு அம்மாவோ, மகளோ, மருமகளோ இதே வேலையைத்தான் செஞ்சுட்டு இருந்தாங்க. எதிர்க்கட்டில்ல இருந்த அக்கா பனியன் கம்பெனில பீஸ் ரேட் வேலை. ஒரு வாரக் கூலி போச்சுன்னு சொன்னாங்க. அப்போதான் எனக்கு உறைச்சுது. செவிலியர் இல்லாத குறையை நம்ம குடும்பங்கள் சம்பளம் இல்லாம அடைச்சுக்கிட்டு இருக்கு. அதனாலதான் அந்தக் குறை யார் கண்ணுக்கும் படல. எந்தப் பட்ஜெட்லயும் அது செலவுன்னு வராது.

வீட்டுக்கு வந்ததும் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல எனக்குப் புரிஞ்ச முதல் விஷயம், நாம இவ்வளவு நாள் தப்பான எண்ணைப் பத்திப் பேசிட்டு இருந்திருக்கோம்.

மூணு எண் இருக்கு. நோட்டு இருந்தா எழுதிக்கோங்க.

ஒண்ணு, தேவை. அந்த ஆஸ்பத்திரிக்கு வர்ற நோயாளிகளை ஒழுங்காப் பார்க்க உண்மையிலேயே எத்தனை பேர் வேணும்.

ரெண்டு, அனுமதிக்கப்பட்ட பணியிடம். அரசாணைப்படி அங்க எத்தனை இடம் இருக்கு.

மூணு, இருக்கிறவங்க. இன்னைக்கு டூட்டில எத்தனை பேர்.

காலிப்பணியிடம்னு நாம கார்டு போடுறோம் பாருங்க, அது ரெண்டுல இருந்து மூணைக் கழிச்சா வர்ற எண். சட்டமன்றத்துல கேள்வி வர்றதும் அதைப் பத்தித்தான், அமைச்சர்கள் பதில் சொல்றதும் அதுக்குத்தான். "காலியிடங்கள் எல்லாம் நிரப்பப்பட்டுவிட்டன"ன்னு ஒரு ஆட்சி சொன்னா நாம வாயடைச்சுப் போயிடுறோம். ஆனா அந்த ரெண்டாவது எண்ணே பல வருஷத்துக்கு முன்னாடி, நோயாளி எண்ணிக்கை பாதியா இருந்தப்போ போட்ட எண்ணா இருந்தா? அப்போ எல்லா இடத்தையும் நிரப்பினாலும் ராத்திரி அந்த வார்டுல ஒரே சிஸ்டர்தான் இருப்பாங்க. காலியிடம் பூஜ்யம், பற்றாக்குறை மட்டும் அப்படியே. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு நாம யாரும் கேட்கிறதே இல்ல.

சரி, தேவையை எப்படிக் கணக்குப் போடுறது? நாற்காலிக் கணக்குன்னு நான் பேர் வெச்சிருக்கேன்.

ஒரு நாற்காலி இருக்குன்னு வெச்சுக்கோங்க. அதுல 24 மணி நேரமும், வருஷம் முழுக்க, யாராவது ஒரு செவிலியர் உட்கார்ந்திருக்கணும். 8 மணி நேர ஷிஃப்ட்னா ஒரு நாளைக்கு 3. வருஷத்துக்கு 1,095 ஷிஃப்ட். ஒரு செவிலியர் எத்தனை ஷிஃப்ட் பார்க்க முடியும்? 365 நாள்ல வார விடுமுறை 52 போச்சு. தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, பண்டிகை எல்லாம் சேர்த்து 45 நாள்னு வைங்க. மிச்சம் 268. இப்போ 1,095-ஐ 268-ஆல வகுங்க. 4-க்கு மேல வருது. ஒரு நாற்காலிக்கு 4 பேர். இது யாருக்கும் உடம்பு சரியில்லாமப் போகாம, யாரும் பிரசவ விடுப்புல போகாம இருந்தா.

இப்போ நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க. 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கிறதுக்காக ஒரு நிலையத்துக்கு 3 செவிலியர்னு போட்டதுதான் தமிழ்நாட்டு முறை. நல்ல திட்டம், அதுல சந்தேகமே இல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வு ஐந்தாவது சுற்றுப்படி தமிழ்நாட்டுல 99 சதவீதத்துக்கும் மேல பிரசவம் மருத்துவமனையிலதான் நடக்குது. அந்தச் சாதனைக்குப் பின்னாடி இந்தச் செவிலியர்களோட ராத்திரிகள் இருக்கு. மத்திய அரசோட பொதுச் சுகாதாரத் தரநிலை 2012 பதிப்புலயும், மாசம் 20 பிரசவத்துக்குக் குறைவா நடக்கிற நிலையத்துக்கு அத்தியாவசியம்னு போட்ட எண் 3-தான். அதிகமா நடக்கிற இடத்துக்கு 4.

1,095-ஐ 3-ஆல வகுத்துப் பாருங்க. 365. அதாவது மூணு பேரும் வருஷத்துல ஒரு நாள்கூட லீவு எடுக்காம வந்தாதான் அந்த நாற்காலி காலியாகாம இருக்கும். ஞாயிறு கிடையாது, பொங்கல் கிடையாது, பிள்ளைக்குக் காய்ச்சல் வரக் கூடாது. ஒருத்தர் லீவு போட்டா மத்த ரெண்டு பேரும் 12 மணி நேரம். 2021 ஜூலையில இருந்து தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்குப் பிரசவ விடுப்பு 12 மாசம். ரொம்பச் சரியான முடிவு. ஆனா பெண்களே பெரும்பாலும் வேலை பார்க்கிற ஒரு பணியில, மாத்தாளுக்குப் பணியிடம் போடாம விடுப்பு மட்டும் கொடுத்தா, ஒரு பொண்ணோட உரிமையை இன்னொரு பொண்ணு தன்னோட தூக்கத்துல இருந்து கொடுக்கிறா. அந்த 3-ங்கிற எண்ணைப் போட்டவங்க கெட்டவங்க இல்ல. மூணு ஷிஃப்ட், மூணு பேர்னு நினைச்சிருப்பாங்க. வகுத்துப் பார்க்கல, அவ்வளவுதான்.

பெரிய ஆஸ்பத்திரியிலயும் இதே குழப்பம் உண்டு. போதனா மருத்துவமனைப் பொது வார்டுக்கு 3 படுக்கைக்கு ஒரு செவிலியர்னு ஒரு விகிதம் ரொம்ப நாளா சொல்லப்படுது. கேட்டா அருமையா இருக்கும், 3 பேருக்கு ஒருத்தர்! ஆனா அது மொத்தச் செவிலியர் கணக்கு. 3 ஷிஃப்ட்டாப் பிரிச்சா ஒரு நேரத்துல 9 படுக்கைக்கு ஒருத்தர்தான். 1980களின் கடைசியில மத்திய அரசு போட்ட நர்சிங் உயர்மட்டக் குழு இதைத் தெளிவாச் சொல்லி, விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதலாப் போடணும்னும் சொல்லுச்சு. 36 படுக்கை வார்டுன்னா 12 பேர், கூட 30 சதவீதம், ஆக மொத்தம் 16 பேர் கிட்ட. நாற்காலிக் கணக்குல போட்டாலும் ஷிஃப்ட்டுக்கு 4 நாற்காலி, நாலு நாலு பதினாறு. ரெண்டு வழியிலயும் ஒரே விடைதான். நான் பார்த்த வார்டுல அந்த ராத்திரி 4 நாற்காலி இருந்திருக்கணும். ஒண்ணுதான் இருந்துச்சு.

இதைவிட நுணுக்கமா கணக்குப் போடவும் வழி இருக்கு. உலக சுகாதார நிறுவனமே வேலைப்பளுவை வெச்சு ஆள் தேவையைக் கணக்கிடுற ஒரு முறையை 1998-ல கையேடாப் போட்டு, 2010-ல திருத்தி வெளியிட்டிருக்கு. எளிமையான முறை. முதல்ல ஒரு ஊழியருக்கு வருஷத்துல உண்மையா எத்தனை மணி நேரம் கிடைக்கும்னு பார்க்கணும். அப்புறம் ஒரு பிரசவத்துக்கு எத்தனை மணி, ஒரு தடுப்பூசிக்கு எத்தனை நிமிஷம், பதிவேடு எழுத எவ்வளவு நேரம்னு அந்த வேலையைச் செய்றவங்களையே உட்கார வெச்சுக் கேட்டு எழுதணும். அதைப் போன வருஷ நோயாளி எண்ணிக்கையால பெருக்கணும். வர்ற மணி நேரத்தை முதல் எண்ணால வகுத்தா தேவை கிடைச்சிடும். இருக்கிறவங்க 3, தேவை 5-னு வந்தா விகிதம் 0.6. ஒண்ணுக்குக் கீழ போகப் போக அங்க நெருக்கடி. நமீபியா, உகாண்டா, இந்தோனேசியா மாதிரி நாடுகள் இந்த முறையைப் பயன்படுத்தியிருக்கு. எக்ஸெல் தெரிஞ்ச யாரும் போடலாம். நம்ம அணியில எக்ஸெல் தெரியாதவங்க யாராவது இருக்கீங்களா?

எஞ்சினியரிங் பசங்களுக்கு இன்னொண்ணு சொல்றேன். ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பர் ஞாபகம் இருக்கா? எனக்கு அதுல அரியர் இருந்துச்சு, அதனால நல்லா ஞாபகம் இருக்கு. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனில வேலை பார்த்த எர்லாங்னு ஒருத்தர், 1909-லயே வரிசைக் கணக்கை எழுதி வெச்சார். அதோட சாரம் இதுதான். ஒரு ஊழியரோட நேரத்துல 80 சதவீதம் வேலை இருந்தா, சராசரியா அவர்கிட்ட 4 பேர் இருப்பாங்க, பார்த்துட்டு இருக்கிற ஆளையும் சேர்த்து. 90 சதவீதம்னா 9 பேர். 95 சதவீதம்னா 19 பேர். வேலை கொஞ்சம்தான் கூடுது, வரிசை மடங்கு மடங்கா நீளுது. ஏன்னா நோயாளிங்க டோக்கன் போட்டு வரிசையா வர மாட்டாங்க. ஒரே நேரத்துல மூணு பேருக்கு மூச்சுத் திணறும், அப்புறம் ஒரு மணி நேரம் அமைதியா இருக்கும். "சும்மாதானே உட்கார்ந்திருக்காங்க"ன்னு நாம வீடியோ எடுக்கிற அந்தப் பத்து நிமிஷம் இருக்குல்ல, அந்த இடைவெளி இருந்தாதான் அடுத்த அவசரத்துக்கு ஓடி வர ஆள் இருக்கும். தீயணைப்பு வண்டி நிலையத்துல நிக்குதுன்னு யாராவது குறை சொல்றோமா?

இது வெறும் வசதிக் குறை இல்ல, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். லிண்டா ஐக்கன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர், அவங்களும் செவிலியர்தான். பென்சில்வேனியா மாநிலத்துல 168 மருத்துவமனைகளை அவங்க குழு ஆராய்ஞ்சு 2002-ல வெளியிட்டாங்க. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடுதலாப் போனா, ஆபரேஷன் ஆன நோயாளி 30 நாளுக்குள்ள இறக்கிற வாய்ப்பு 7 சதவீதம் கூடுது. 2014-ல ஐரோப்பாவுல 9 நாடுகள்ல, 4 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வெச்சுப் பார்த்தாங்க. அதே 7 சதவீதம். அவங்க பேசுறது 6 நோயாளியா, 8 நோயாளியாங்கிற வித்தியாசத்தைப் பத்தி. 43-ங்கிற எண் அவங்க அட்டவணையிலயே கிடையாது.

"சரிப்பா, இதுக்கெல்லாம் பணம்?" நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-ல 27 அரசு மருத்துவமனைகளுக்குச் சட்டப்படி விகிதம் போட்டுச்சு. பகல்ல 4 பேருக்கு ஒரு செவிலியர், ராத்திரி 7 பேருக்கு ஒருத்தர். அதோட முடிவு 2021-ல லான்செட் இதழ்ல வந்துச்சு. கூடுதல் செவிலியர் சம்பளத்துக்கு ஆன செலவைப் போல ரெண்டு மடங்குக்கு மேல மிச்சம். எப்படின்னா, நோயாளிங்க சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க, திரும்பி வந்து சேர்றது குறைஞ்சுது.

நம்ம கணக்கையும் போடுவோம். தமிழ்நாட்டுல ஆரம்ப சுகாதார நிலையங்கள் 2,000-க்கு மேல இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு செவிலியர் கூடுதலாப் போடுறோம், அதாவது 2,000 பேர். மாசம் 50,000 ரூபாய் செலவுன்னு கணக்குக்கு வெச்சுப்போம். மாசத்துக்கு 10 கோடி, வருஷத்துக்கு 120 கோடி. 2025-26 பட்ஜெட்ல மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கினது 21,906 கோடி. அதுல இது ஒரு சதவீதத்துல பாதி, கொஞ்சம் மேல. சின்னத் தொகைன்னு சொல்ல மாட்டேன். ஆனா முடியாத தொகையும் இல்ல.

அடுத்தது, "ஆள் கிடைக்கல"ன்னு ஒரு பதில் சொல்வாங்க. இங்கதான் நம்ம ஊர்ல இருக்கிற பெரிய முரண்பாடு.

இங்க நர்சிங் முடிச்சவங்க இல்லையா? நம்ம தெருவுலயே இருக்காங்க. சில பேர் தனியார்ல பத்தாயிரம், பன்னெண்டாயிரத்துக்கு வேலை பார்க்கிறாங்க. சில பேர் ஜெர்மன் கிளாஸ் போறாங்க. இன்னும் சில பேர் வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் போயாச்சு. உலகம் முழுக்க 2030-ல சுமார் 1 கோடி சுகாதாரப் பணியாளர் பற்றாக்குறை இருக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பிரிட்டன்ல 2023 ஜூன் மாசம் 15 வருஷத்துக்குப் பணியாளர் திட்டம் போட்டாங்க. அப்போ அவங்க அரசு சுகாதாரச் சேவையில மட்டும் 1,12,000-க்கு மேல காலியிடம். அவங்க தேவையைக் கணக்குப் போட்டுட்டாங்க, அதனால நம்ம பொண்ணுங்களைக் கூப்பிடுறாங்க. நாம கணக்குப் போடல, அதனால அனுப்பி வைக்கிறோம். போறவங்களைக் குறை சொல்ல நமக்கு அருகதை கிடையாது.

இங்க இருந்தவங்களை நாம எப்படி வெச்சிருந்தோம்? 2012-ல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வந்துச்சு, அது நல்ல விஷயம். 2015-ல அதே வாரியம் தேர்வு வெச்சு 7,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களை எடுத்துச்சு. தேர்வு எழுதி, மதிப்பெண் எடுத்து வந்தவங்களுக்கு மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு நம்பி வந்தாங்க. 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல ஆயிரக்கணக்குல உட்கார்ந்து போராடினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அப்புறம் ஆட்சி மாறுச்சு. கொரோனா நேரத்துல, நாம எல்லாம் கை தட்டினோமே அந்தச் சமயத்துல, வார்டுக்குள்ள போன ஒப்பந்தச் செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓட பணி முடிஞ்சுதுன்னு உத்தரவு வந்துச்சு. அவங்களும் தெருவுக்கு வந்தாங்க. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலமா வேலை தர்றோம்னு பேசினாங்க. 2015, 2017, 2022. ஆட்சியில இருந்த கட்சி மாறியிருக்கு, பிரச்சனை அதேதான். பணியிடம் இல்லாம ஆளை மட்டும் எடுத்தா, இன்னைக்கு இல்லைன்னாலும் நாளைக்கு அவங்களை வெளியில அனுப்பத்தான் வேண்டி வரும். அதனாலதான் திரும்பத் திரும்ப அந்த ரெண்டாவது எண்ணைச் சொல்றேன்.

தனியார் மருத்துவமனைகளையும் விட்டுட முடியாது. 2016-ல உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேர்ல மத்திய அரசு ஒரு நிபுணர் குழு போட்டுச்சு. 200 படுக்கைக்கு மேல இருக்கிற தனியார் மருத்துவமனை அரசுச் செவிலியருக்குச் சமமாச் சம்பளம் தரணும், 50 படுக்கைக்குக் கீழ இருந்தாலும் 20,000-க்குக் குறையக் கூடாதுன்னு அந்தக் குழு பரிந்துரைச்சுது. கேரளாவுல செவிலியர்கள் போராடி, 2018 ஏப்ரல்ல 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம்னு அரசு அறிவிக்க வெச்சாங்க. பக்கத்து மாநிலம்தான். பாலக்காடு தாண்டினா போதும்.

திட்டமிட்டா ஆள் வருவாங்கங்கிறதுக்கு நம்மகிட்டயே ஒரு உதாரணம் இருக்கு. கிராமத்துக்கு டாக்டர் வர மாட்டாங்கன்னு நாடு முழுக்கச் சொல்வாங்க. தமிழ்நாடு என்ன செஞ்சுது? அரசுப் பணியில இருக்கிற டாக்டர்களுக்கு முதுநிலை மருத்துவப் படிப்புல 50 சதவீத இடம். கிராமத்துல வேலை பாரு, மேல படிக்க வழி இருக்கு. இளம் டாக்டர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விரும்பி வந்தாங்க, படிச்சு முடிச்சு அரசு மருத்துவமனைக்கே நிபுணராத் திரும்பி வந்தாங்க. நடுவுல அந்த ஒதுக்கீட்டுக்குச் சிக்கல் வந்தப்போ தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 2020 ஆகஸ்ட் 31-ல ஐந்து நீதிபதிகள் அமர்வு, இப்படி ஒதுக்கீடு கொடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. டாக்டருக்கு யோசிச்ச அதே மூளையைச் செவிலியருக்கும், லேப் டெக்னீஷியனுக்கும், கிராம சுகாதார செவிலியருக்கும் ஏன் யோசிக்கக் கூடாது?

அரசியல் இல்லாம இது நடக்காது, அதுக்கும் ஒரு கதை சொல்றேன். கலிபோர்னியாவுல செவிலியர் விகிதத்துக்குச் சட்டம் போட்டது 1999-ல. நடைமுறைக்கு வந்தது 2004-ல. பொது வார்டுல 6 பேருக்கு ஒரு செவிலியர், அடுத்த வருஷம் 5 பேருக்கு ஒருத்தர்னு திட்டம். அப்போ அங்க ஆளுநர் யார் தெரியுமா? நம்ம டெர்மினேட்டர், அர்னால்டு ஸ்வார்செனேகர். அங்க ஆளுநர்னா மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர், நம்ம முதலமைச்சர் மாதிரி. அவர் அந்த 5-ஐ நிறுத்தி வைக்கப் பார்த்தார். செவிலியர் சங்கம் விடல. வழக்கு போட்டாங்க, அவர் போன கூட்டத்துக்கெல்லாம் போய்ப் போராடினாங்க. 2005-ல நீதிமன்றம் செவிலியர்கள் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. டெர்மினேட்டர் தோத்தார். ஆஸ்பத்திரிக்கு உள்ள எத்தனை பேர் இருக்கணும்ங்கிறது ஆஸ்பத்திரிக்கு வெளியில முடிவாகிற விஷயம். அதனாலதான் இதை ஒரு கட்சி மேடையில பேசுறேன்.

கடைசியா, நாம என்ன செய்யணும். நாலு விஷயம்.

ஒண்ணு. இனிமேல் காலிப்பணியிடக் கார்டு போடுறதுக்கு முன்னாடி, அந்த எண் எதுல இருந்து எதைக் கழிச்சு வந்ததுன்னு பார்க்கணும். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எந்த வருஷ அரசாணைல போட்டது, அதுக்கப்புறம் படுக்கை எத்தனை கூடியிருக்கு, இது ரெண்டும் இல்லாம கார்டு போக வேண்டாம்.

ரெண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. 10 ரூபாய்தான் கட்டணம், 30 நாள்ல பதில் தரணும். உங்க தாலுகா மருத்துவமனை, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூணே கேள்வி. அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் எத்தனை, எந்த அரசாணைப்படி? இப்போ பணியில இருப்பவர்களில் காலமுறை ஊதியத்தில் எத்தனை பேர், தொகுப்பூதியத்தில் எத்தனை பேர், வேறு இடத்துக்கு மாற்றுப்பணியில் போனவங்க எத்தனை பேர்? போன வருஷம் உள்நோயாளிகள் எத்தனை, பிரசவம் எத்தனை? பதில் வந்ததும் நாற்காலிக் கணக்கைப் போடுங்க. ஒரு ஒன்றியத்துக்கு ஒரு பக்கம். மாவட்டம் முழுக்கச் சேர்த்தா, யாரும் மறுக்க முடியாத ஒரு ஆவணம் நம்ம கையில இருக்கும். மனு போடுறப்போ எந்த ஊழியர் பேரும் வேண்டாம். நமக்கு எண் போதும்.

மூணு. இது எதிர்க்கட்சியைத் திட்ட மட்டும் எடுத்து வைக்கிற கணக்கா இருக்கக் கூடாது. பொறுப்பாளர்கள் மேடையில இருக்காங்க, அவங்க முன்னாடியே கேட்கிறேன். நம்ம தேர்தல் அறிக்கையில "மருத்துவத் துறைக் காலியிடங்கள் நிரப்பப்படும்"னு ஒரு வரி வந்தா அது பத்தாது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வேலைப்பளு அடிப்படையில தேவையைக் கணக்கிட்டு, பணியிடத்தைத் திருத்தி, வருஷா வருஷம் ஷிஃப்ட் வாரியான விகிதத்தை வெளியிடுவோம்னு வரணும். எவ்வளவு செலவாகும்னு பக்கத்துலயே எழுதணும். நாளைக்கு நாம பொறுப்புக்கு வந்து இதைச் செய்யலைன்னா, இதே கணக்கை வெச்சு நம்மையும் கேட்கிறதுக்கு ஆள் இருக்கணும். அந்தக் கேள்வியை இந்த அணியில இருந்தே முதல்ல கேட்டா எனக்குச் சந்தோஷம்.

நாலு. நர்ஸ் கத்துற வீடியோ இனியும் வரும். யாராவது அனுப்புவாங்க, வியூஸ் போகும்னு உங்களுக்கே தெரியும். ஏத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு ஏத்துங்க: அந்த நேரத்துல அந்த வார்டுல எத்தனை நோயாளி, எத்தனை செவிலியர்? உண்மையிலேயே லஞ்சம், அலட்சியம்னா தாராளமாக் கேளுங்க, நானும் வர்றேன். ஆனா நாற்பது பேருக்கு ஒருத்தரை நிக்க வெச்ச ஏற்பாட்டை விட்டுட்டு, நிக்கிற ஒருத்தரை மட்டும் படம் எடுக்காதீங்க.

நான் அந்தப் பழைய வீடியோவை அப்பா டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கு அழிச்சேன். உள்பெட்டியில வந்த அந்த அக்காவுக்கு "மன்னிச்சுடுங்கக்கா"ன்னு அனுப்பினேன். அதுக்குள்ள பல பக்கங்கள்ல அது பரவிட்டு இருந்துச்சு, என்னால திரும்ப எடுக்க முடியல. அந்த அக்கா பதில்ல என்னைத் திட்டல. "அப்பா எப்படி இருக்கார்?"னு கேட்டிருந்தாங்க.

அந்த ஒருத்தர் பக்கத்துல இன்னும் மூணு பேர் நிக்கணும். அதுக்கான வேலையை இந்த வாரமே, நம்ம ஒன்றியத்துல இருந்தே ஆரம்பிப்போம். மனு மாதிரிப் படிவம் முதல் பின்னூட்டத்துல இருக்கு. எடுத்துக்கோங்க, உங்க ஊர்ப் பேரைப் போட்டு அனுப்புங்க.



#ஒரு_நாற்காலிக்கு_நாலு_பேர்
#தேவையைக்_கணக்கிடு